கடலும் நீரும் உப்பும்: மன்னார்க் கரையில் சற்காரியவாதம்

ஒரு பொருள் உறைந்தாலும் உருகினாலும், நீரிற் கரைந்தாலும் ஆவியாகி மேலெழுந்தாலும் அதன் திணிவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது இன்று பள்ளிப் பாடநூலில் இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும் செய்தி. திணிவு என்பது ஒன்றில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவு. தமிழகத்துப் பாடநூல்கள் இதனை நிறை என்று வழங்க, இலங்கைத் தமிழ் அச்சொல்லைத் தராசு காட்டும் பாரத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறது. பொருள் வேறொன்றாகாமல் அதன் நிலையும் வடிவும் மட்டும் மாறுவது பௌதிக மாற்றம் எனப்படும். உள்ளது இல்லாமற் போகுமா, இல்லாதது உண்டாகுமா என்ற வினாவாக இதே செய்தி இந்தியத் தரிசனங்களைப் பல நூற்றாண்டுகள் இரண்டு அணியாகப் பிரித்து நிறுத்தியிருந்தது. அதற்குக் கொடுத்த விடையைப் பொறுத்தே உலகம் எவ்வாறு தோன்றியது, உயிர் வீடுபேற்றில் என்ன ஆகிறது, அறியாமை அழியுமா என்பன போன்ற பெருங்கொள்கைகள் அமைந்தன. கடல்நீர் கண்ணெதிரே உப்பாவதும், சைவரும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்வதும், இடிக்கப்பட்ட கோயில் ஒன்றின் கற்கள் கோட்டைச் சுவரானதாகச் சொல்லப்படுவதும் ஒரே கரையில் அமைந்திருப்பதால், இவ்வினாவை ஆராய மன்னாரைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று எளிதிற் கிடைப்பதில்லை.

வடக்கே பாக்கு விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ வடமேற்காக நீண்டு கிடக்கும் மன்னார்த் தீவில், மழை ஓய்ந்து சோளகக் காற்று வீசத் தொடங்கும் மாதங்களே உப்பு விளையும் காலம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் ஏறத்தாழ 27 கிராம் மட்டுமே கறிக்கு உதவும் சோடியம் குளோரைட்டு, மீதி மக்னீசியம், கல்சியம், பொற்றாசியம் முதலியவற்றின் சேர்க்கைகள். கடல்நீரை அகன்ற நீர்த்தேக்கப் பாத்திகளில் நிறுத்தி, செறிவு ஏற ஏறச் சிறிய பாத்திகளுக்கு மாற்றிக்கொண்டுவரும்போது இவை அனைத்தும் ஒருசேரப் படிவதில்லை. முதலில் கல்சியம் காபனேற்றும், பின்னர் ஜிப்சமும் படிகின்றன. நீரின் கனவளவு தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிய பின்னரே உப்பு பளிங்காகத் தொடங்குகிறது. நண்பகலில் பாத்தியின் மேற்பரப்பை உற்றுநோக்கினால் மெல்லிய ஏடுபோல ஒன்று படர்ந்திருப்பது தெரியும். இன்னும் குனிந்து பார்த்தால் அந்த ஏடு முழுவதும் நடுவில் குழிந்த சின்னஞ்சிறு சதுரக் கிண்ணங்களாக இருப்பது புலப்படும். காற்று நீரைச் சற்றே அலைத்ததும் அக்கிண்ணங்கள் கனம் தாங்காமல் அமிழ்ந்து அடியிற் சேர்ந்து கல்லுப்பாக வளர்கின்றன. உப்பை வாரிய பின் எஞ்சும் நீர் எண்ணெய்போல வழுவழுப்பாகவும் நாவிற் கசப்பாகவும் இருக்கும். மக்னீசியம் சேர்க்கைகள் அதிலேயே தங்கிவிடுவதால் அக்கசப்பு நீரைக் கழித்துவிடுகின்றனர்.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். ஆயிரம் கிலோகிராம் கடல்நீர் முழுவதும் வற்றினால் 35 கிலோகிராம் திண்மம் மிஞ்சும். எஞ்சிய 965 கிலோகிராம் நீர் காற்றோடு போயிற்று. போயிற்று என்ற சொல்லிலேதான் சிக்கல் தொடங்குகிறது, ஏனெனில் உப்பு வாரும் தொழிலாளியின் கணக்கு பாத்தியின் வரம்போடு முடிந்துவிடுகிறது. வரம்பைத் தாண்டிய நீர் அவரளவில் இல்லாதது. பேசாலைக் கரையில் மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைப்போர் கணக்கும் இத்தகையதே: பச்சை மீனின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர் என்பதால், கருவாடான பின் தராசில் ஏறுவது பழைய நிறையின் ஒரு பகுதிதான்; குறைந்த பங்கு எங்கே என்று எந்த வியாபாரியும் தேடிக்கொண்டிருப்பதில்லை. இதற்கு மாறாக வாடைக் காலத்தில் கசப்பு நீர் சரியாக வடியாத உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கசிவதால் மூட்டையின் நிறை கூடுவதும் உண்டு. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து நிறை வந்ததாகவோ, இருந்த நிறை இல்லாமற் போனதாகவோ தோன்றும் இவ்விரு தோற்றங்களும் கணக்கின் எல்லையைக் குறுக்கி வரைந்ததால் ஏற்படுபவை.

எல்லையை மூடிவிட்டு நிறுத்துப் பார்ப்பதே இதற்குத் தீர்வு என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியர் செய்து காட்டினார். நீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று அக்காலத்தில் அறிஞர் பலர் நம்பியிருந்தனர்; காய்ச்சிய கலத்தின் அடியில் மண்போன்ற படிவு சேர்ந்ததே அதற்குச் சான்றாகக் கருதப்பட்டது. 1768 ஆம் ஆண்டு தொடங்கிய சோதனையில் அவர் முழுவதும் மூடிய கண்ணாடிக் கலத்தில் நீரை 101 நாள் இடைவிடாமற் காய்ச்சினார். நீர் ஆவியாகி மேலே சென்று குளிர்ந்து மீண்டும் அடிக்கே வடிந்துகொண்டிருந்தது. இறுதியில் கலமும் நீரும் சேர்ந்த நிறை மாறவில்லை. படிவு சேர்ந்திருந்தது உண்மை, ஆனால் கலம் ஏறத்தாழ அதே அளவு தன் நிறையில் குறைந்திருந்தது. மண்ணாக மாறியது நீரன்று, கரைந்தது கண்ணாடி. 1789 இல் வெளிவந்த அவருடைய வேதியியல் நூல் இந்தக் கொள்கையை எல்லா மாற்றங்களுக்கும் பொதுவான அடிப்படையாகவே வைத்துக்கொண்டது.

தராசைச் சாட்சிக்கு அழைக்கும் இம்முறை மெய்யியல் வாதத்தில் அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் முன்பே புகுந்திருந்தது என்பது பலரும் கவனியாத செய்தி. காரியம் தோன்றுவதற்கு முன்பே தன் காரணத்தில் உள்ளது என்று கொள்வது சற்காரியவாதம். இதனைக் கூறுவோரில் முதன்மையானவர் சாங்கியர். எண்ணெய் வேண்டுவோர் எள்ளை நாடுகிறார்களே அன்றி மணலை நாடுவதில்லை, ஏனெனில் எள்ளில் எண்ணெய் முன்பே இருக்கிறது என்பது அவர்கள் தரும் எளிய எடுத்துக்காட்டு. இல்லாதிருந்த காரியம் புதிதாகவே உண்டாகிறது, நூல்கள் சேர்ந்தபோது அவற்றினும் வேறான துணி என்னும் புதுப்பொருள் பிறக்கிறது என்று கொள்வது அசற்காரியவாதம். இது நியாய வைசேடிகர் கொள்கை. ஈசுவரகிருட்டிணரின் சாங்கிய காரிகைக்கு உரைகண்ட வாசஸ்பதி மிசிரர் இவர்களை மறுக்கும்போது தராசை எடுக்கிறார்: துணி நூலினும் வேறான பொருளாயின் அதற்கெனத் தனி நிறை இருக்கவேண்டும், துணியை ஏற்றும்போது தட்டு நூலை ஏற்றியதைவிட மிகுதியாகத் தாழவேண்டும், அவ்வாறு தாழ்வதில்லை, ஆகவே துணி நூலுக்கு வேறன்று என்பது அவர் வாதம். கடல்நீரையும் உப்பையும் பற்றிய பாடநூல் வரியே இங்கு மெய்யியல் சான்றாக நிற்கிறது.

நியாய நூலார் தந்த விடைகளில் ஒன்று, கூட்டுப்பொருளுக்கு உரிய நிறை தராசு காட்டாத அளவு சிறிது என்பது. இது தப்பித்துக்கொள்ளும் பேச்சாகவே நெடுங்காலம் தோன்றிவந்தது; ஆனால் ஆற்றலும் திணிவும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று 1905 இல் ஐன்ஸ்டைன் நிறுவிய பின் அதனை முற்றிலும் நகைத்துத் தள்ளவும் இயலவில்லை. ஒரு கிலோகிராம் உப்பு நீரிற் கரையும்போது சூழலிலிருந்து சிறிது வெப்பத்தை உள்வாங்குகிறது. அவ்வெப்பத்துக்கு ஈடான திணிவு ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. எந்த உப்பளத் தராசும் அதைக் காட்டப்போவதில்லை. ஆயினும் சேர்க்கையின் திணிவு கூறுகளின் கூட்டுத்தொகையே என்று சொல்வது மிக நெருங்கிய அண்ணளவு என்பதும், திணிவையும் ஆற்றலையும் சேர்த்தே கணக்கு முழுமை பெறும் என்பதும் இன்று தெளிவு. வாசஸ்பதியின் வாதம் இதனால் விழுந்துவிடவில்லை. அதன் எல்லை சற்று அகன்றிருக்கிறது.

வாசஸ்பதிக்கு உண்மையான எதிர்ப்பு வேறொரு திசையிலிருந்து வருகிறது. மன்னார் மாவட்டத்தில் கத்தோலிக்கரே பெருந்தொகையினர். 1981 முதல் மன்னார் தனி மறைமாவட்டமாகவும் இருந்துவருகிறது. தீவின் ஊர்கள்தோறும் நாளும் நிகழும் திருப்பலியில் குரு அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும்போது அவை கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. 1215 ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் கையாண்டு, 1551 இல் திரிதெந்தீன் சங்கம் உறுதிசெய்த சொல்லாட்சியின்படி இது உட்பொருள் மாற்றம். அதாவது நிறம், சுவை, வடிவு, பாரம் ஆகிய புறத்தோற்றங்கள் அப்படியே நிற்க, அவற்றைத் தாங்கிய உள்பொருள் மட்டும் முழுவதும் மாறுகிறது. பௌதிக மாற்றத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் கிடைப்பது இதுதான்: கடல்நீர் உப்பாகும்போது தோற்றம் மாறிப் பொருள் நிற்கிறது, நற்கருணையில் தோற்றம் நின்று பொருள் மாறுகிறது. அர்ச்சிப்புக்கு முன்னும் பின்னும் அப்பத்தை நிறுத்துப் பார்த்தால் மயிரளவும் வேறுபாடு இராது என்பதைத் திருச்சபை மறுப்பதில்லை. மறுக்கவேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் புனித தோமா அக்குவினா இதனை விளக்கும் இடத்தில் கூர்மையான ஓர் அடி எடுத்துவைக்கிறார். தாங்கும் பொருள் நீங்கியபின் சுவையும் நிறமும் எதனைப் பற்றி நிற்கும் என்ற தடைக்கு, அப்பத்தின் பரிமாணமாகிய அளவே இறையாற்றலால் தாங்குவாரின்றி நின்று ஏனைய பண்புகளைத் தாங்குகிறது என்பது அவர் விடை. ஆக, அளவு என்பது பொருளன்று, பொருளின் புறப்பண்புகளுள் முதலாவது. பாரமும் அதனைச் சார்ந்ததே. நிறை ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்றார் வாசஸ்பதி. நிறை ஒன்றாக இருந்தும் பொருள் வேறாகலாம் என்கிறார் தோமா. இருவரும் தராசு காட்டும் எண்ணில் ஒத்துப்போகின்றனர், அந்த எண் எதனுடைய எண் என்பதிலேயே பிரிகின்றனர். இவ்வழக்கைத் தீர்க்க இன்னும் நுட்பமான தராசு செய்வதால் பயனில்லை.

எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் முஸ்லிம்களுடைய மரபில் அஷ்அரீ இறையியலார் கொண்ட நிலை இதனினும் துணிவானது. பொருள்களின் பண்புகள் இரண்டு கணம் தொடர்ந்து நிற்கும் இயல்புடையவை அல்ல. அவற்றைக் கணந்தோறும் புதிதாகப் படைத்து நிலைபெறச் செய்பவன் இறைவன் என்பது அவர்கள் கொள்கை. நேற்றைய உப்பின் பாரமும் இன்றைய உப்பின் பாரமும் ஒன்றாயிருப்பதற்குக் காரணம் உப்பின் இயற்கையில் இல்லை, இறைவன் தன் வழமையை மாற்றாதிருப்பதில் இருக்கிறது. நெருப்புப் பட்டுப் பஞ்சு எரிவதிலும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை என்று வாதித்த இமாம் கஸ்ஸாலி இந்தக் கொள்கையைத் தத்துவவாதிகளுக்கு எதிரே நிறுத்தினார். காப்பு விதியை மறுக்காமலே அதன் உரிமையைப் பொருளிடமிருந்து பறித்துவிடுவது இந்நிலையின் சிறப்பு.

மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில், பழைய மாதோட்டத் துறையின் எல்லையில், பாலாவிக் கரையில் நிற்கிறது திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தில் சிவராத்திரியன்று அடியவர் தாமே பாலாவி நீரைக் குடங்களில் மொண்டுவந்து மகாலிங்கத்துக்கு அபிடேகம் செய்வது வழக்கம். இக்கோயிலுக்குப் பின்னணியாக உள்ள சைவ சித்தாந்தம் சாங்கியரைப்போலவே சற்காரியவாதத்தை ஏற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவே, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கூறி, ஒடுங்கிய இடத்திலிருந்தே அது மீளத் தோன்றுகிறது என்று நிறுவுகிறது. மாயை என்னும் முதற்காரணம், அதாவது குடத்துக்கு மண்போல உலகுக்கு மூலமாகிய சடப்பொருள், தத்துவங்களாக விரிகிறது. ஊழிக் காலத்தில் அவையெல்லாம் வந்த வழியே மாயைக்குள் ஒடுங்குகின்றன. இதனைக் கடல்நீர் ஆவியாகி மழையாகி மீண்டும் கடலாவதோடு ஒப்பிடலாம்: பேரழிவு என்று சொல்லப்படுவது சித்தாந்திக்கு ஒரு பெரும் பௌதிக மாற்றமே, அதில் எள்ளளவும் இழப்பில்லை.

ஆனால் சித்தாந்தம் இதனை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே கருதத்தக்கது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் உப்புக் கட்டியை நீரிலிடச் செய்து, மறுநாள் அதே உப்பைக் கேட்டு, மேலும் நடுவும் அடியும் சுவைக்கவைத்து, காணப்படாத உப்பு எங்கும் உள்ளதுபோலவே உள்பொருளும் எங்கும் உளது, அதுவே நீ என்று உணர்த்துகிறார். அங்கே உப்பு பரம்பொருளுக்கு உவமை. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஏழாம் நூற்பாவில் அதே உப்பை நேர்மாறான இடத்தில் வைக்கிறார். கடல், நீர், உப்பு என்ற மூன்றில், உரைமரபு விளக்குவதுபோல, கடல் என்பது நீருக்கு இடங்கொடுத்து நிற்கும் வெளி. அது இறைவனுக்கு உவமை. நீர் உயிர். உப்பு அறியாமையாகிய ஆணவ மலம். உப்பு நீரைப் பற்றுகிறது, வெளியைப் பற்றுவதில்லை; வெளி நீரை விட்டு நீங்குவதும் இல்லை. உப்பு எப்போது நீரில் வந்து சேர்ந்தது என்று கேட்டால் தொடக்கம் காட்ட முடியாது. வேதாந்தி சுவைத்து மகிழ்ந்த உப்பைச் சித்தாந்தி பிணியாகக் கண்டான் என்று சொன்னால் மிகையாகாது.

உவமையை இப்படி மாற்றியபின் சற்காரியவாதம் தன் விலையைக் கேட்கிறது. உள்ளது அழியாது என்றால், உள்பொருளாகிய ஆணவமும் அழியக்கூடாது. கயிற்றில் தோன்றிய பாம்பு போன்றது அறியாமை என்று கொள்ளும் ஏகான்மவாதிக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. விளக்கு வந்ததும் பாம்பு இல்லாமற் போய்விடும், ஏனெனில் அது என்றுமே இருந்ததில்லை. சித்தாந்திக்கு அந்த எளிய வழி அடைபட்டுவிட்டது. எனவே வீடுபேற்றிலும் மலம் அழிவதில்லை, அதன் மறைக்கும் ஆற்றல் மட்டுமே அடங்குகிறது என்று சித்தாந்த நூல்கள் துணிந்து கூறுகின்றன. கதிரவன் முன் இருள் அடங்கி நிற்பதை அதற்கு உவமையாக்குகின்றன. முத்தியடைந்த உயிரிலும் மலம் உண்டு என்பது கேட்போர்க்கு இனிக்கும் கொள்கையன்று. எதிர்த் தரப்பினர் இதனைச் சித்தாந்தத்தின் குறையாகவே எடுத்துக்காட்டினர். எனினும் உலகத்தோற்றத்தை விளக்க ஒரு விதியை ஏற்றுக்கொண்டு, வீடுபேறு என்றதும் அதைக் கைவிடாமல் கடைசிவரை அதற்குக் கட்டுப்பட்டு நின்றதை நேர்மை என்றே கொள்ளவேண்டும். உப்பளத்திலும் உப்பு ஓரிடத்தில் நீங்கினால் மற்றோரிடத்தில் குவிந்திருக்கும். நீரை உப்பிலிருந்து பிரிக்கலாம், உப்பை இல்லாமற் செய்ய இயலாது. உவமை இவ்வளவு தூரம் வந்தபின் ஓரிடத்தில் நின்றும் விடுகிறது: பாத்தியில் பிரிக்கும் ஆற்றல் வெயிலும் சோளகமும் என்று சுட்டிக்காட்டலாம், உயிரிடத்தில் அப்பணியைச் செய்யும் திருவருளை எந்தத் தட்டிலும் ஏற்ற முடியாது.

இவ்வாதங்களுக்கெல்லாம் கடினமான சோதனை திருக்கேதீச்சரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. பழைய கோயிலைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்கள் 1560 இல் அவர்கள் மன்னாரில் எழுப்பிய கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. 1658 இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறி, 1696 இல் திருத்திக் கட்டப்பட்டது. கோயில் கோட்டையானது இலக்கணப்படி ஒரு பௌதிக மாற்றம்: கல் கல்லாகவே இருந்தது, அடுக்கு மட்டும் மாறிற்று, தராசில் ஏற்றினால் இழப்பு இல்லை. வாசஸ்பதியின் வழியில் நின்றால் கோயில் கல்லுக்கு வேறன்று, ஆகவே எதுவும் அழியவில்லை என்று சொல்லநேரும். அதை மாதோட்டச் சைவர் எவரும் ஏற்கமாட்டார். நியாய நூலாரின் வழியில் கோயில் என்பது கற்களினும் வேறான ஒன்று, அது உண்மையாகவே அழிந்தது. அப்படியானால் 1872 இல் ஆறுமுக நாவலர் மீளக் கட்டுமாறு வேண்டியதும், 2022 இல் குடமுழுக்குக் கண்டதும் பழைய கோயிலா, வேறொரு கோயிலா என்பதற்கு விடை கூறவேண்டும்.

சித்தாந்தி இங்கு மூன்று காரணங்களைப் பிரித்துப் பேசுவான். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். காப்பு விதி ஆள்வது முதற்காரணத்தை மட்டுமே. கல்லுக்கு இழப்பில்லை என்று சொல்ல அது போதும். அந்த இடத்தில் இறைவன் விளங்கி நிற்பது கல்லின் காரியமன்று என்பதால், கல் போனபோது அது போகவுமில்லை, புதிய கல் வந்தபோது அது வரவுமில்லை. இவ்விடை திருக்கேதீச்சரத்துக்குப் பொருந்துகிறது; கோட்டைக்குப் போன கற்களை அது தன் வழியே விட்டுவிடுகிறது. நீரேரியின் ஓரத்தில் நிற்கும் அச்சுவர்களின் நுண்துளைகளுக்குள் உவர்க்காற்றும் ஈரமும் புகுந்து, வெயிலில் நீர் உலர, உள்ளேயே உப்பு பளிங்காகிறது. வளரும் பளிங்கு கல்லை உள்ளிருந்து நெருக்கி மேற்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. சுவரின் அடியிற் சேரும் அந்தப் பொடியை வாடைக்கால மழை நீரேரிக்குள் கழுவிக்கொண்டு போகிறது.